வர்ஜீனியாவில் நகரங்கள் வளராதது ஏன்?
17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களுள், மாசசூசெட்ஸில் நெருக்கமான ஊர்களும் வர்ஜீனியாவில் சிதறிய பண்ணைகளும் உருவானதற்கு மதமே காரணம் என்று தேர்வில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் எழுதினால் விடை பாதியில் நின்றுவிடும். 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் என்ற ஆங்கிலேயக் குடியேறி வர்ஜீனியாவில் பயிரிடத் தொடங்கிய புகையிலை, சில ஆண்டுகளிலேயே மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டதால் புது நிலம் ஓயாமல் தேவைப்பட்டது. ஜேம்ஸ், யார்க் ஆறுகளின் வழியே கப்பல்கள் பெருந்தோட்டங்களின் சொந்தத் துறைகளுக்கே வந்து சரக்கேற்றியதால், இடையில் வணிக நகரம் ஒன்று எழ வேண்டிய தேவையே பெரிதாக இருக்கவில்லை. வேலைக்கு வந்தவர்களும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கட்டுண்ட இளம் ஆண்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுடைய இடத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் நிறுத்தப்பட்டனர். மாசசூசெட்ஸுக்கோ 1630 முதல் பலரும் குடும்பங்களாகவே வந்தனர். பிள்ளைகள் பைபிளை வாசிக்கக் கற்க வேண்டும் என்பதற்காக, ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று அங்கே இயற்றப்பட்ட 1647ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு, மதத்தின் பங்கை அந்த இடத்தில் விளக்குங்கள்.