மூன்றடி மரத்துக்கு எந்த செயின்சா?

கேள்வி: விசைப்படகு வேலைக்காக வாகை, தூங்குமூஞ்சி மரங்களை நெடுக்காகப் பலகை அறுக்கிறோம். சில மரங்கள் மூன்றடிக் குறுக்களவு. 60 சிசி செயின்சா சூடாகித் திணறுகிறது. 90 சிசி போதுமா, 120 சிசி வேண்டுமா?
– வாசகர், காசிமேடு

பதில்: பெரும்பாலான மரங்கள் இரண்டரை அடிக்குள் என்றால் 90 சிசியே வாங்குங்கள். ஸ்டில் எம்எஸ் 661, ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி இந்த வகை. 36 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) தாங்கும். ஆனால் பலகைச் சட்டத்தில் (நெடுக்காக அறுக்க செயின்சாவை மாட்டும் சட்டம்) பொருத்தினால் பாரில் நாலைந்து அங்குலம் அதிலேயே போய்விடும். தினமும் மூன்றடி மரம்தான் என்றால் 120 சிசி, 42 அங்குல பார். பார், செயின் இல்லாமலே அது ஏறத்தாழ 10 கிலோ. துண்டு போடும் வேலைக்கு அதைத் தூக்கினால் தோள் போய்விடும்.

எஞ்சினைவிட செயினில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குறுக்கு வெட்டுக்குப் பல்லை 30 டிகிரியில் தீட்டுவோம்; நெடுக்கு அறுப்புக்கு 10 டிகிரி. பழைய கோணத்திலேயே அறுத்தால் பலகை வரிவரியாக வரும், எஞ்சினும் திணறும். உங்கள் 60 சிசி சூடானதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பலகை அறுக்கும்போது எஞ்சின் நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். கலவை மெலிந்தால், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால், பிஸ்டன் இறுகிவிடும். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலும் கட்டாயம். அறுத்து முடித்ததும் உடனே அணைக்காமல் சற்று நேரம் ஐட்லிங்கில் விடுங்கள். நீண்ட பாருக்கு, செயினுக்கு எண்ணெய் விடும் ஆயில் பம்பை அதிகபட்சத்தில் வையுங்கள்.

பட்டையில் ஒட்டிய கடற்கரை மணல் ஒரே அறுப்பில் செயினை மழுக்கிவிடும். முதலில் பட்டையை உரித்துவிடுங்கள். சாலையோர மரமென்றால் ஆணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.