பட்டு நகரம் பிரம்மபூர்: வாசகர் கேட்டவையும் நம் பதில்களும்

ஒடிசா மாநிலத்தின் பிரம்மபூரைக் ‘கிழக்குக் கடலோரத்துப் பட்டு நகரம்’ என்று சென்ற இதழில் ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்குக் கும்பகோணம், திருபுவனம், மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் எழுதியவை என்பது படித்த மாத்திரத்திலேயே விளங்குகிறது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பிரம்மபூர் கடலிலிருந்து தள்ளியல்லவா இருக்கிறது? வங்காளத்திலும் இதே பெயரில் ஒரு பட்டு ஊர் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது எந்த ஊர்? (வாசகர், கும்பகோணம்)

நாம் சொல்வது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துப் பிரம்மபூர். ஆங்கிலேயர் காலத்தில் பெர்ஹாம்பூர் என்று எழுதப்பட்ட ஊர் அதுதான். ஊர் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதன் கடல் வாசலான கோபால்பூர் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர் பூம்புகார்க் கடலைப் பார்க்கப் போகும் தூரத்தைவிட இது குறைவு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கோபால்பூரிலிருந்து ரங்கூனுக்குக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்தன. கஞ்சம் மாவட்டத்துக் கூலியாட்கள் பர்மாவுக்குப் பிழைக்கப் போன வழி அது. நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜுலா’ கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வாசகர்களில் பலர் இருப்பதால், இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மேற்கு வங்காளத்து ஊர் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகீரதி ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த மாவட்டமும் பட்டுக்குப் பேர்போனது என்பதால் பழைய நூல்களிலும் பத்திரிகைகளிலும் இரண்டு ஊர்களையும் ஒன்றாக்கிக் குழப்பியிருப்பதைக் காணலாம். ரயிலில் முன்பதிவு செய்பவர் இரண்டையும் மாற்றிக்கொண்டால் ஓரிரவுப் பயணம் வீணாகும்.

கேள்வி: அங்கே பட்டு நெய்பவர்கள் யார்? எங்கள் ஊர்ச் சௌராஷ்டிரர்களைப் போல அவர்களும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களா? (வாசகி, திருபுவனம்)

கேள்வியிலேயே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். பிரம்மபூரில் பரம்பரையாகப் பட்டு நெய்வோர் ‘டேரா’ என்று அழைக்கப்படும் சமூகத்தினர். அவர்களுடைய முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றும், மகுரி சமஸ்தானத்தை ஆண்டவர்கள் அவர்களை அழைத்துவந்து இடம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள் என்றும் அவ்வூர் வழக்கு கூறுகிறது. திருபுவனத்தில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசலைத் தாண்டினால் தமிழும் ஒலிப்பதைப் போல, பிரம்மபூரிலும் ஒடியாவும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன.

பட்டு நெசவு இந்த நாட்டில் பெரும்பாலும் இப்படித்தான் பரவியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கிடைத்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, குஜராத்தின் லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் சங்கத்தார் கி.பி. 437இல் அங்கே சூரியனுக்குக் கோயில் எழுப்பியதையும், 473இல் அதைப் பழுதுபார்த்ததையும் சொல்கிறது. பட்டு விலையுயர்ந்த சரக்கு. அதை வாங்க அரண்மனையோ கோயிலோ பெரிய வணிகரோ வேண்டும். அப்படி வாங்குவோர் எங்கே இருந்தார்களோ அங்கே நெசவாளர் தறியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தஞ்சையில் நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட காலங்களில் கும்பகோணத்தைச் சுற்றிப் பட்டுத் தறிகள் பெருகியதற்கும் இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் வந்தவர்கள் ஊரோடு எப்படிக் கலந்தார்கள் என்பதில்தான் பிரம்மபூர் தனித்து நிற்கிறது. அந்நகரின் காவல் தெய்வம் புடி டாகுராணி. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, நம் பங்குனி, சித்திரையை ஒட்டி, அவளுக்கு எடுக்கும் திருவிழா மூன்று நான்கு வாரங்கள் நீள்கிறது. டேரா சமூகத்தின் பரம்பரைத் தலைவருக்குத் தேசிபெஹரா என்று பெயர். அம்மன் அவருடைய மகள் என்பது ஊரார் நம்பிக்கை. ஆகவே விழாத் தொடங்கும்போது அவர் முறைப்படி கோயிலுக்குச் சென்று மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைக்கிறார். அம்மன் கோயிலை விட்டுப் புறப்பட்டுத் தேசிபெஹரா தெருவில் போட்டிருக்கும் பந்தலில் வந்து தங்குகிறாள். நம்மூர்க் கரகம்போல் அலங்கரித்த கடங்களைப் பெண்கள் தலையில் சுமந்து இரவுதோறும் தெருத்தெருவாக வருகிறார்கள். நேர்ந்துகொண்டவர்கள் புலி வேடமும் தெய்வ வேடமும் புனைந்து நகரெங்கும் சுற்றுகிறார்கள். விழா முடிந்ததும் மகள் தன் இருப்பிடம் திரும்புகிறாள்.

பிழைக்க வந்த நெசவுக் குடியின் தலைவரை ஊர்த் தெய்வத்துக்குத் தகப்பனாக்கிய ஏற்பாட்டை எந்த அரசாணையும் செய்திருக்க முடியாது. தறி குறைந்தாலும் அந்தச் சமூகம் ஊரின் நடுவீட்டில் நிற்பதற்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

கேள்வி: பிரம்மபூர்ப் பட்டுப்புடவை பார்க்க எப்படி இருக்கும்? (வாசகி, கூறைநாடு, மயிலாடுதுறை)

ஒடிசாப் புடவை என்றதும் நம் பெண்கள் நினைப்பது சம்பல்பூர்ப் பக்கத்துக் கட்டுச்சாயப் புடவையை. அதாவது நூலிலேயே கட்டுக் கட்டிச் சாயம் தோய்த்து, பிறகு நெய்வது. பிரம்மபூர்ப் பட்டு அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதன் அழகு கரையில் இருக்கிறது. கோயில் விமானம்போல் கூம்பிய முக்கோணங்கள் கரை நெடுக வரிசையாகப் புடவையின் உடலுக்குள் ஏறி நிற்கும். இதைப் ‘போடா கும்பா’ என்கிறார்கள். உடல் பெரும்பாலும் ஒரே நிறத்தில் அடக்கமாக இருக்கும்.

கோர்வைப் புடவை நெய்யும் குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்தக் கரையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிற ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) கரைக்கு வேறு நிற ஊடையும் ஓட, இரண்டும் சேருமிடத்தில் இழை இழையைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே கண் விழும். இறுக்கினால் கரை சுருங்கிப் புடவை மடியாது. அந்தச் சேர்மானத்தைப் பார்க்க வேண்டுமானால் புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அங்கே கரையும் உடலும் சந்திக்கும் கோட்டில் விரல் நகத்தால் மெல்ல வருடினால் கோர்த்த முடிச்சுகள் வரிசையாகத் தட்டுப்படும்.

ஆண்களுக்கான ‘ஜோடா’ என்ற பட்டு வேட்டியும் அங்கே நெய்யப்படுகிறது, கல்யாணங்களிலும் பூசைகளிலும் உடுத்துகிறார்கள். புவிசார் குறியீட்டுப் பதிவிலும் புடவையோடு ஜோடாவும் சேர்த்தே பெயர் பெற்றிருக்கிறது. மாப்பிள்ளை வேட்டியையும் நெசவின் பெருமையாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட அவ்வூராரை நாம் மெச்சுகிறோம். நம் பக்கத்தில் கூறைப்புடவைக்குக் கிடைத்த பேச்சு அங்கவஸ்திரத்துக்குக் கிடைத்ததில்லை.

கஞ்சம் மாவட்டத்தில்தான் பொம்காய் என்ற சிற்றூரும் இருக்கிறது. முந்தியில் ஊடைக்கு மேல் தனி நூல் சேர்த்து உருவங்கள் நெய்யும் பொம்காய்ப் புடவை அந்த ஊரின் பெயரால் வழங்குவது. இன்று அதைப் பேரளவில் நெய்வது மேற்கே சோன்பூர்ப் பகுதியில்.

கேள்வி: பிரம்மபூர் ஒரு காலத்தில் நம் சென்னை மாகாணத்தில் இருந்ததா? (வாசகர், பாபநாசம்)

ஆம். 1936 ஏப்ரல் 1ஆம் நாள் ஒரிசா தனி மாகாணமாகும் வரை, தஞ்சாவூர் ஜில்லாவைப் போலவே கஞ்சம் ஜில்லாவும் சென்னைக் கோட்டையிலிருந்துதான் ஆளப்பட்டது. 1937இல் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்து, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி பிறந்தது பிரம்மபூரில்தான், ஆண்டு 1894.

கேள்வி: புவிசார் குறியீடு கிடைத்ததால் அங்குள்ள நெசவாளருக்கு வாழ்வு வந்ததா? எங்கள் திருபுவனம் பட்டுக்கும் அந்தக் குறியீடு கிடைத்திருக்கிறது. கூலி மட்டும் அப்படியே இருக்கிறது. (நெசவாளர், திருபுவனம்)

புவிசார் குறியீடு பெயரைக் காக்கும் சட்டம். கூலியைக் காக்கும் சட்டமன்று. வேறு ஊரில் நெய்த புடவையைப் ‘பிரம்மபூர்ப் பட்டு’ என்று விற்பவர்மீது வழக்குத் தொடர அது வழி செய்கிறது. தறியில் உட்கார்ந்திருப்பவருக்குப் புடவை ஒன்றுக்கு இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று அது எங்கும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டைக் குறியீடு வழங்கும் விழா மேடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பிரம்மபூரின் சிக்கல் நமக்குப் புதிதன்று. மல்பெரிப் பட்டு நூலுக்குக் கர்நாடகத்தையும், ஜரிகைக்குச் சூரத்தையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. நூல் விலை ஏறும்போது அந்த ஏற்றம் முதலில் விழுவது கையில் முதல் இல்லாத நெசவாளர் தலையில். 1985ஆம் ஆண்டுச் சட்டம் புடவை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருந்தும், விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் கடைக்கு வருவது நிற்கவில்லை. வீட்டுக்குள் குழித்தறி போட்டிருப்பவருக்குப் புயலும் மழையும் வேறு துன்பம். பைலின் புயல் 2013 அக்டோபர் 12ஆம் நாள் கரையைக் கடந்தது கோபால்பூருக்கு அருகில்தான். குழிக்குள் நீர் நின்றால் மிதி வேலை செய்யாது. ஈரக்காற்றில் பாவு, அதாவது தறியில் நெடுக்காகக் கட்டிய நூல், தொய்ந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட நம் கடலோரத்தாருக்கு இது புரியும்.

எல்லாவற்றையும்விட நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. சூரத்தின் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்யும் ஒடியாத் தொழிலாளர்கள் பல லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் கஞ்சம் மாவட்டத்தார். அவர்கள் எல்லோரும் நெசவுக் குடியினர் அல்லர். வேளாண் குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம். இருந்தாலும், பட்டு நகரம் என்று பேர்பெற்ற ஊரைத் தன்னுள் கொண்ட மாவட்டத்தின் இளைஞர்கள், நாட்டின் மறு கோடியில் இன்னொரு கடலோர நகரத்தில், செயற்கை இழைத் துணி ஓட்டும் இயந்திரங்களின் இரைச்சலில் பகலிரவாக நிற்கிறார்கள். 2020 ஊரடங்கில் ஊர் திரும்பிய கூட்டத்தைக் கண்டபோதுதான் நாட்டில் பலருக்கு அது தெரியவந்தது.

உங்கள் ஊருக்கு 1955இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. நூலைத் தானே வாங்கிக் கொடுத்து, புடவையைத் தானே விற்கும் அமைப்பு அது. கூலி போதவில்லை என்று கேட்க உங்களுக்கு ஓர் இடமாவது உண்டு. தனி முதலாளியிடம் நெய்பவருக்கு அந்த இடமும் இல்லை. சங்கத்தின் பொதுக்குழுவில் போய்க் கேளுங்கள். குறியீட்டுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டியே கேளுங்கள்.

கேள்வி: நம் காவிரிப் படுகையில் கடற்கரையிலேயே பட்டு நெய்த ஊர் இருந்ததுண்டா? (மாணவி, சீர்காழி)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்து மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும்போது, ‘பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும் கட்டும் நுண்வினைக் காருகர் இருக்கை’ என்று சிலப்பதிகாரம் நெசவாளர் தெருவைக் காட்டுகிறது. கடலை ஒட்டிய பகுதி மருவூர்ப்பாக்கம்; அரசனும் பெருங்குடி வணிகரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். பட்டு நெய்தவர் கடற்பக்கமும், உடுத்தவர் உட்பக்கமும் இருந்தார்கள் என்று இதைப் படித்துக்கொள்ளலாம். இன்று பூம்புகாரில் தறி இல்லை. படுகையின் பட்டு கும்பகோணத்தைச் சுற்றி உள்நாட்டில் தங்கிவிட்டது.

கேள்வி: பிரம்மபூருக்குப் போக எண்ணுகிறோம். எப்படிப் போவது, அசல் பட்டை எப்படி அறிவது? (வாசகர், அம்மாபேட்டை)

சென்னையிலிருந்து ஹவுரா செல்லும் பெரும்பாதையில், ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் பிரம்மபூர் நிலையம் இருக்கிறது. கோரமண்டல் விரைவு ரயில் அங்கே நிற்கும். டாகுராணி விழா நடக்கும் ஆண்டாக இருந்தால் அந்த வாரங்களைப் பார்த்துப் போவது நல்லது. ஆனால் தங்க இடம் கிடைப்பது கடினம். அசோகர் கல்வெட்டு உள்ள ஜவுகடா, தாரா தாரிணி மலைக்கோயில், சிலிகா ஏரியின் தென்கரையான ரம்பா ஆகியவை போய்வரக்கூடிய தொலைவில் இருப்பவை. ஊறுகாயும் அப்பளமும் அவ்வூரில் பேர்போனவை.

புடவை வாங்கும்போது மத்தியப் பட்டு வாரியத்தின் ‘சில்க் மார்க்’ அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது தூய பட்டு என்பதற்குத்தான் சான்று, கையால் நெய்தது என்பதற்கு அன்று. கைத்தறி முத்திரை தனி. இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் முந்தியின் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் சூரத்துச் சரக்கு.