ஏ லெவல் பெறுபேறு குறைந்தவர்கள் சொலிசிட்டர் ஆவது: கேள்வி பதில்

லண்டனில் சொலிசிட்டராக (கட்சிக்காரருக்கு ஆலோசனை தந்து வழக்கைத் தயாரிக்கும் சட்டத்தரணியாக) பணியாற்றும் நான், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தொழிலில் நுழைய விரும்புவோரின் கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். எனது ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தரப் பரீட்சை) பெறுபேறு பி, சி, டி.

அக்கா, எனக்குப் பி, பி, சி. பெரிய சட்ட நிறுவனங்கள் ஏ, ஏ, பி கேட்கின்றன. சொலிசிட்டராவதற்கு அவற்றில் பயிற்சி பெறும் பயிற்சி ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த எல்லைக்குக் கீழே உள்ளவற்றைக் கணினியே கழித்துவிடுகிறதா என்பதை ஆட்சேர்ப்புப் பிரிவிடம் முதலில் கேட்டறியுங்கள். 2015 முதல் பல நிறுவனங்கள், மாணவரின் பெறுபேற்றை அவர் படித்த பாடசாலையின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கையாளுகின்றன. இலவச மதிய உணவு பெற்றீர்களா, அகதியாக வந்தீர்களா என்ற கேள்விகள் அதற்காகவே கேட்கப்படுகின்றன. எங்கள் பிள்ளைகள் பலர் கூச்சப்பட்டு அவற்றை வெறுமையாக விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பரீட்சைக் காலத்தில் அப்பா மருத்துவமனையில் இருந்தார். இதை எப்படி எழுதுவது?

அதற்கென உள்ள பெட்டியில் நான்கு வாக்கியங்களுக்குள் எழுதுங்கள். "மார்ச் முதல் யூன் வரை தந்தையார் சிகிச்சை பெற்றார், மாலை வேளைகளில் தம்பியைப் பராமரித்தேன், பாடசாலையின் கடிதம் உள்ளது, பல்கலைக்கழகத்தில் எனது சராசரி 66" என்பது போதும். திகதியும் சான்றும் இல்லாத உருக்கமான பத்திகள் உங்களுக்கு உதவமாட்டா.

சி ஒன்றைப் பி என்று எழுதினால் தெரியவா போகிறது?

எழுதாதீர்கள். மூலச் சான்றிதழைக் கேட்பார்கள். தப்பினாலும், சொலிசிட்டராகப் பதிவு செய்வதற்கு முன் சொலிசிட்டர்களின் ஒழுங்குமுறை ஆணையம் உங்கள் நேர்மையை ஆராயும். குறைந்த புள்ளி ஒரு கதவை மூடலாம். பொய் தொழிலையே மூடிவிடும்.

ஈஸ்ட்ஹாமில் சிறிய குடிவரவுச் சட்ட நிறுவனமொன்றில் பாராலீகலாக (சட்ட உதவியாளராக) இருக்கிறேன். இந்த அனுபவம் கணக்கில் வருமா?

வரும். 2021 செப்டெம்பரில் எஸ்.கியூ.ஈ. எனும் சொலிசிட்டர் தகுதித் தேர்வு முறை வந்த பின், பட்டமும் இரண்டு ஆண்டுத் தகுதிபெறு பணி அனுபவமும் உள்ளவருக்குப் பயிற்சி ஒப்பந்தம் கட்டாயமில்லை. அந்த அனுபவத்தை நான்கு நிறுவனங்கள் வரை பிரித்துப் பெறலாம். அதை ஒரு சொலிசிட்டரோ நிறுவனத்தில் விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் சட்ட இணக்க அலுவலரோ உறுதிப்படுத்த வேண்டும். முதற்கட்டத் தேர்வில் 360 வினாக்கள், இரண்டாம் கட்டத்தில் 16 செயல்முறைப் பணிகள்; இவற்றில் எங்கும் ஏ லெவல் புள்ளி கேட்கப்படுவதில்லை. செய்த வேலையை வாரந்தோறும் குறித்து வையுங்கள். நான் பாராலீகலாக இருந்தபோது, மேன்முறையீட்டுக் கோவையொன்றில் பக்க எண்கள் குழம்பியிருந்ததை விசாரணைக்கு முந்தைய இரவு கண்டு, முந்நூறு பக்கங்களுக்கும் மீண்டும் எண்ணிட்டேன். பின்னர் நேர்முகத்தில் என் புள்ளிகளைவிட அந்த இரவைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்டார்கள்.

எனக்குப் பி, சி, சி. வாய்ப்பு உண்டா?

முதற்பதிலைப் பாருங்கள்.

ஹரோவிலிருந்து ஒரு தந்தை: என் மகள் இரவு பகலாகப் படித்து மூன்று ஏ ஸ்டார் எடுத்தாள். குறைந்தவர்களுக்கு வழிவிடுவது அவளுக்கு அநீதி அல்லவா?

ஐயா, உங்கள் மகளின் உழைப்பை எவரும் குறைக்கவில்லை. ஆனால் புள்ளி உழைப்பை மட்டுமா அளக்கிறது? 2020இல் பரீட்சைகள் இரத்தானபோது, பாடசாலையின் பழைய பெறுபேறுகளையும் சேர்த்துக் கணித்த சூத்திரம், இங்கிலாந்தில் ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறத்தாழ 39 சதவீதத்தைக் குறைத்தது. எதிர்ப்பு வலுத்ததால், ஓகஸ்ட் 17இல் அது கைவிடப்பட்டது.

அதே தந்தை: அது ஒரு விதிவிலக்கான ஆண்டு. மற்ற ஆண்டுகளில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தானே?

வினாத்தாள் ஒன்றுதான், அதற்கு ஆயத்தம் செய்த வீடும் பாடசாலையும் ஒன்றல்ல. தனியார் வகுப்புக்குப் பணமில்லாத வீட்டிலிருந்து வந்த சி எதைக் காட்டுகிறது என்று நிறுவனம் விசாரித்தால், உங்கள் மகளின் ஏ ஸ்டார் மதிப்பிழக்காது.

24 வயதில் ஏ லெவலை மீண்டும் எழுதலாமா?

வேண்டாம். அந்த நேரத்தை எஸ்.கியூ.ஈ.க்குக் கொடுங்கள்.

என் மாணவர் விசா முடிகிறது.

அதற்குத் தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகரை இந்த வாரமே நேரில் பாருங்கள்.

சி, சி, டி. ஒரு பாடத்தைக் குறிப்பிடாமல் விட்டால்?

எல்லாப் பெறுபேறுகளையும் கேட்கும் படிவத்தில் ஒன்றை மறைப்பதும் பொய்தான், தம்பி. மூன்றையும் எழுதுங்கள், உங்கள் ஊரின் சிறிய நிறுவனங்களுக்கும் இலவசச் சட்ட உதவி நிலையங்களுக்கும் நேரில் சென்று வேலை கேளுங்கள்.