பாட்டி புத்தகத்துல இருக்கிற '300 நாள் பலன்': வாசகர் கேள்வி பதில்

கல்லறைத் திருநாள் (நவம்பர் 2, இறந்தவங்களை நினைக்கிற நாள்) நெருங்குது, வந்திருக்கிற கேள்வியெல்லாம் பலன், பரிபூரண பலன், நிறைபேறுபலன்னு ஒரே விஷயத்தைத்தான் சுத்துது. பலன்னா, மன்னிச்ச பாவத்துக்கு மிச்சமிருக்கிற தண்டனையைத் திருச்சபை குறைச்சுத் தர்றது. அதனால வழக்கமான கலவை இந்தத் தடவை கிடையாது, முழுக்க இது மட்டும்தான். கத்தோலிக்கரா இல்லாத வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ரெண்டாவது கேள்வியில வரலாறு இருக்கு, அது உங்களுக்கும் பிடிக்கும்.

ஐயா, எங்க பாட்டி நாகப்பட்டினத்துல இருந்து சிங்கப்பூருக்குக் கப்பல்ல வரும்போது கொண்டு வந்த ஜெபப்புத்தகம் எங்கிட்ட இருக்கு. சின்னச் சின்ன மனவல்லிய ஜெபத்துக்குக் கீழ எல்லாம் '300 நாள் பலன்', '7 வருஷப் பலன்'னு போட்டிருக்கு. அப்போ அதைச் சொன்னா உத்தரிக்கிற ஸ்தலத்துல (செத்தப்புறம் ஆன்மா சுத்தமாகிற நிலை) 300 நாள் குறையுமா? (வாசகி, செங்காங்)

குறையாதும்மா, அந்தக் கணக்கே வேற. ஆனா உங்க பாட்டி அப்படித்தான் நெனச்சிருப்பாங்க, அவங்க மட்டும் இல்ல, அந்தக் காலத்துல பாதி ஊரு அப்படித்தான் நெனச்சுது, யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லல.

ஆதித் திருச்சபையில பெரிய பாவம் செஞ்சவங்களுக்கு, அதாவது விசுவாசத்தை மறுதலிச்சவங்க, கொலை செஞ்சவங்க, விபசாரம் செஞ்சவங்க, இவங்களுக்கெல்லாம் தபசு (பாவப் பரிகாரம்) எல்லார் கண்ணு முன்னாடியும் நடக்கும், நன்மை (நற்கருணை) வாங்க முடியாது, உபவாசம் இருக்கணும், இப்படி மாசக்கணக்கு இல்ல, வருஷக்கணக்குல ஓடும். '300 நாள்'ங்கிறது அந்தத் தபசோட நாள். 300 நாள் அப்படி இருந்தா எவ்வளவு பரிகாரமோ அவ்வளவு பரிகாரத்தை இந்த ஜெபத்துக்குத் திருச்சபை சேர்த்துத் தருதுன்னு அர்த்தம். மறுலோகத்துல நம்ம காலண்டர் தொங்குதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

அதுக்கு முன்னாடி அடிப்படையா ஒண்ணு புரியணும், பலன்ங்கிறது பாவ மன்னிப்பு கிடையாது. மன்னிப்பு பாவசங்கீர்த்தனத்துல (சாமியார்கிட்ட பாவத்தை அறிக்கையிடுறது) கிடைச்சிடுது. உங்க வீட்டு டாய்லெட் லீக் ஆகி கீழ் வீட்டு சீலிங் முழுக்கக் கறையாகிடுச்சு, நீங்க போய் மன்னிப்புக் கேட்டீங்க, அவங்களும் மனசார 'பரவாயில்ல'ன்னுட்டாங்கன்னு வைங்க, சண்டை தீர்ந்துச்சு, ஆனா கறை அப்படியே இருக்கு, யாராவது ஆள் வச்சுப் பெயின்ட் அடிக்கணுமில்ல? அந்த மிச்ச வேலையைத்தான் திருச்சபை 'பாவத்துக்குரிய தண்டனை'ன்னு சொல்லுது. அந்த மிச்சத்தைக் குறைக்கிறது பகுதிப் பலன், முழுசா தீர்க்கிறது பரிபூரண பலன்.

நாள் கணக்கு, வருஷக் கணக்கையெல்லாம் ஆறாம் பவுல் பாப்பரசர் 1967 ஜனவரி 1-ந் தேதி வெளியிட்ட ஆவணத்துல எடுத்துட்டாரு. அடுத்த வருஷமே பலன்களோட புதுப் பட்டியல் வந்துச்சு, அதோட நாலாவது பதிப்பு 1999-ல. இப்போ பகுதிப் பலன், பரிபூரண பலன், இந்த ரெண்டு மட்டும்தான். உங்க பாட்டி புத்தகத்தைத் தாராளமா வச்சு ஜெபம் பண்ணுங்க, கீழ போட்டிருக்கிற நம்பரை மட்டும் கண்டுக்காதீங்க.

கூட வேலை பாக்குற பெந்தெகொஸ்தே நண்பர் ஒருத்தர் லஞ்ச் டைம்ல எல்லாம் 'உங்க சபையிலதான் காசு கட்டினா பாவம் போயிடுமே'ன்னு கிண்டல் பண்றாரு. பதில் சொல்ல முடியல. உண்மையிலேயே வித்தாங்களா? (பெயர் வேண்டாம், பிடோக்)

வித்தாங்க தம்பி. இதுல பூசி மெழுகுறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆரம்பமே வியாபாரம் இல்ல, அங்கிருந்து சொன்னாத்தான் உங்க நண்பருக்கும் புரியும்.

250-ஐ ஒட்டி ரோமச் சக்கரவர்த்தி டேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்தாகணும்னு ஆணை போட்டாரு. பயந்துபோய் பலி கொடுத்த கிறிஸ்தவங்க நிறையப் பேரு, அப்புறம் திரும்பி வரணும்னு அழுதாங்க. கொடுக்காம ஜெயிலுக்குப் போய் சித்திரவதை பட்டவங்க 'இவரைச் சேர்த்துக்கோங்க, எங்க பாடுகளைப் பாத்து இவரோட தபசைக் குறைங்க'ன்னு ஆயருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பாங்க. ஒருத்தர் பட்ட கஷ்டம் இன்னொருத்தருக்கு உதவும்ங்கிற எண்ணத்துக்கு வேர் இங்கதான் இருக்கு, அழகான எண்ணம்தான். ஆனா பாருங்க, அப்பவே கோளாறு! கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் எழுதின கடிதங்கள்ல புலம்புறாரு, சீட்டுல ஆள் பேரே சரியா இல்லாம 'இன்னாரும் அவரு ஆளுங்களும்'னு மொத்தமா எழுதிக் கொடுக்கிறாங்களாம், 'அவரு ஆளுங்க'ன்னா எத்தனை பேரு, இருபதா முப்பதான்னு.

அப்புறம் சிலுவைப்போர் காலம். 1095-ல கிளேர்மோன் சங்கத்துல (ஆயர்கள் கூட்டம்) இரண்டாம் உர்பான் பாப்பரசர், பேருக்கோ காசுக்கோ இல்லாம பக்திக்காக மட்டும் எருசலேமை மீட்கப் போறவங்களுக்கு அந்தப் பயணமே முழுத் தபசாக் கணக்கு வைக்கப்படும்னு அறிவிச்சாங்க. அங்கிருந்து கை தாராளமாகிடுச்சு, ஆயர்கள் ஆளாளுக்கு அள்ளி விட ஆரம்பிச்சாங்க, 1215-ல நாலாம் லாத்தரன் சங்கம் பிரேக் போட்டு, கோயில் அர்ச்சிப்புன்னா ஒரு வருஷம், மத்ததுக்கு 40 நாள், அதுக்கு மேல ஆயர் கொடுக்கக்கூடாதுன்னுச்சு. 1300-ல எட்டாம் போனிப்பாஸ் பாப்பரசர் முதல் யூபிலியை (பலன் கிடைக்கிற புனித ஆண்டு) அறிவிச்சாரு, ரோமாபுரிக்காரங்க 30 நாளும் வெளியூர்க்காரங்க 15 நாளும் பேதுரு, பவுல் கோயில்களுக்குப் போகணும்னு கணக்கு. கிறிஸ்துவோட பேறுபலன் (புண்ணியம்), புனிதர்களோட பேறுபலன் எல்லாம் சேர்ந்த ஒரு கருவூலம் இருக்கு, அதைத் திறக்கிற அதிகாரம் திருச்சபைக்கு இருக்குன்னு 1343-ல ஆறாம் கிளமென்ட் எழுதி வச்சாரு. 1476-ல நாலாம் சிக்ஸ்துஸ் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கும் இதை ஒப்புக்கொடுக்கலாம்னாரு. இங்கதான் காசு நல்லா ஓட ஆரம்பிச்சுது. செத்துப்போன அம்மாவுக்காகன்னு கேட்டா யாரு கைய மூடுவா?

இதுல எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கிற ஒரு விஷயம், குட்டன்பர்க் அச்சு இயந்திரத்துல தேதியோட வந்த ரொம்பப் பழைய அச்சுத்தாள்கள்ல இந்தப் பலன் சீட்டும் ஒண்ணு, வருஷம் 1454. சைப்ரஸ் தீவைத் துருக்கியர்கிட்ட இருந்து காக்க நிதி திரட்டுனதுக்கான சீட்டு அது. பேருக்கு ஒரு காலியிடம், தேதிக்கு ஒரு காலியிடம், நம்ம ஊரு ரசீது புக் மாதிரியே.

உங்க நண்பர் சொல்றது 1517 சமாச்சாரம். ரோமாபுரி புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் வேணும். அதே நேரத்துல ஆல்பிரெக்ட்னு ஒரு ஜெர்மன் ஆயர் மைன்ஸ் பேராயர் பதவியைப் பிடிக்க ரோமுக்குக் கட்ட வேண்டிய பெருந்தொகைய ஃபூகர் குடும்பத்து வங்கியில கடன் வாங்கியிருந்தாரு. ஒப்பந்தம் என்னன்னா பலன் பிரசங்கத்துல வர்ற வசூல்ல பாதி ரோமுக்கு, பாதி ஃபூகர் கடனுக்கு. ஜனங்களுக்கு இந்தப் பாதி விஷயமே தெரியாது! ஊர் ஊராப் போய் பிரசங்கம் பண்ணினவரு டெட்செல்ங்கிற தொமினிக்கன் சாமியார். ரேட்டு கூட அந்தஸ்து பார்த்துத்தான், ராஜா ராணின்னா 25 தங்கக் காசு, கீழ வர வரக் குறையும், ஒண்ணுமே இல்லாதவங்க ஜெபமும் உபவாசமும் செஞ்சா போதும்னு அந்த உத்தரவுலயே இருக்கு, ஆனா அந்த வரியைப் பிரசங்கத்துல எவ்வளவு சத்தமாப் படிச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. விட்டன்பர்க் ஜனங்க எல்லை தாண்டிப் போய் சீட்டு வாங்கிட்டு வந்து துறவி மார்ட்டின் லூத்தர்கிட்ட காட்ட, 1517 அக்டோபர் 31-ல அவரு 95 கூற்றை எழுதி அந்த ஆல்பிரெக்டுக்கே அனுப்பி வச்சாரு. அதுல ஒண்ணு, இவ்வளவு பெரிய பணக்காரரான பாப்பரசர் ஏழை விசுவாசிங்க காசுல கட்டாம சொந்தக் காசுல பேதுரு கோயிலைக் கட்டக்கூடாதான்னு. நியாயமான கேள்வின்னுதான் நான் சொல்வேன்.

திருச்சபை திருந்தினதையும் சொல்லணும். 1563 டிசம்பர்ல திரிதெந்து சங்கம் பலன் நல்லதுதான், ஆனா காசு ஆசை ஒழியணும்னு முடிவு பண்ணுச்சு, 1567-ல ஐந்தாம் பயஸ் காசு சம்பந்தப்பட்ட பலன் அத்தனையையும் ரத்து பண்ணிட்டாரு. அதுக்கப்புறம் பலனுக்கு விலை கிடையாது. லஞ்ச்ல அடுத்த தடவை 'ஆமா பிரதர், வித்தாங்க, 1567-ல நிறுத்தியாச்சு'ன்னு சொல்லுங்க, மனுசன் அடுத்து என்ன சொல்றாருன்னு பாப்போம்.

அண்ணே, நான் துவாஸ்ல வேலை பாக்குறேன், சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். அப்பா இறந்து ரெண்டு வருஷம், கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காது. இங்க இருந்தே அப்பாவுக்காக ஏதாவது பண்ண முடியுமா? (வாசகர், துவாஸ்)

தாராளமா முடியும் தம்பி. நவம்பர் 1-லிருந்து 8 வரைக்கும் ஏதாவது ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மனசுக்குள்ளயாவது இறந்தவங்களுக்காக ஜெபிச்சா, அன்னிக்கு ஒரு பரிபூரண பலன், அதை இறந்தவங்களுக்குத்தான் ஒப்புக்கொடுக்க முடியும். நல்லா கவனிங்க, 'ஏதாவது ஒரு கல்லறை'. அப்பா புதைச்ச இடமாத்தான் இருக்கணும்னு இல்ல. சுவா சூ காங் கத்தோலிக்கக் கல்லறைக்குப் போங்க, யாரோ ஒரு முகம் தெரியாதவர் கல்லறை பக்கத்துல ஒரு மெழுகுவத்தி ஏத்தி, அவருக்கும் சேர்த்து ஒரு பரலோக மந்திரம் ('பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' ஜெபம்) சொல்லிட்டு, உங்க அப்பா பேரைச் சொல்லி ஒப்புக்கொடுங்க.

ஷிஃப்ட் ஒத்துவரலைன்னா நவம்பர் 2 ஒரு நாள் போதும், ஏதாவது ஒரு கோயில்ல போய் பரலோக மந்திரமும் விசுவாசப்பிரமாணமும் சொன்னாலும் அதே பலன்தான். முதல் நாள் மத்தியானத்துல இருந்தே அந்த நேரம் ஆரம்பிச்சிடும், நைட் ஷிஃப்ட் ஆளுங்களுக்கு இது வசதி. ஓபிர் ரோட்டுல நம்ம லூர்து மாதா கோயில் இருக்கே, 1888-ல தமிழ்க் கத்தோலிக்கருக்குன்னே கட்டினது, தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வர்றவங்க நடந்தே போயிடலாம்.

கூட செய்ய வேண்டியது: பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குறது, பாப்பரசர் கருத்துக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம். பாவசங்கீர்த்தனம் அதே நாள்லதான்னு இல்ல, முன்னபின்ன 20 நாள் வரைக்கும் இடம் கொடுக்கிறாங்க, ஒரு தடவை பண்ணினா பல நாள் பலனுக்கும் செல்லும். நன்மையும் பாப்பரசர் கருத்துக்கான ஜெபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனி.

இதே மாதிரி இன்னொரு வாசகி, அம்மாவோட கல்லறையை 15 வருஷம் முடிஞ்சு தோண்டி எடுத்துச் சாம்பலைக் கொலம்பேரியத்துல (சாம்பல் பேழை வைக்கிற இடம்) வச்சுட்டோம், இனிமே கல்லறைக்குப் போனா பலிக்குமான்னு கேட்டிருக்காங்க. பலிக்கும்மா, மேல சொன்ன அதே பதில்தான். அம்மா எங்க இருக்காங்கங்கிறதை வச்சு இது நடக்கல.

ஒரே நாள்ல சிலுவைப்பாதை, குடும்பமா செபமாலை, அரைமணி நேரம் பைபிள், அரைமணி நேரம் ஆராதனை நாலும் பண்றேன். நாலு பரிபூரண பலனா? நோட்டுல எழுதி வைக்கிறேன். (வாசகர், தோ பாயோ)

ஒண்ணுதான் ஐயா. ஒரு நாளைக்கு ஒரு பரிபூரண பலன்தான், சாகுற நேரத்துல கிடைக்கிறது மட்டும் விதிவிலக்கு. நீங்க சொன்ன நாலும் பட்டியல்ல இருக்கிறது உண்மை, மிச்ச மூணுக்குப் பகுதிப் பலன் உண்டு.

ஆனா நோட்டுப் போட்டு எழுதுறவங்க யாருமே கேட்காத ஒரு நிபந்தனை இருக்கு, எந்தப் பாவத்து மேலயும், அற்பப் பாவத்து மேலகூட, ஒட்டுதல் இருக்கக்கூடாது. பக்கத்து புளோக்ல இருக்கிற மச்சினன்கூடப் பேசவே மாட்டேன்னு மனசுல ஒரு முடிவோட சிலுவைப்பாதை பண்ணினா அது பரிபூரணம் ஆகாது, பகுதிப் பலனோட நிக்கும். பாவமே செய்யாம இருக்கணும்னு சொல்லல, செஞ்சதை 'அது பரவாயில்ல, அதை விட மாட்டேன்'னு கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. பரலோக மந்திரம் சொல்ல அரை நிமிஷம், இதுக்கு எவ்வளவு நாள் ஆகும்னு எந்தப் பட்டியல்லயும் போடல. நோட்டை மூடி வச்சுட்டு மச்சினனுக்கு ஒரு போன் போடுங்க, அது உங்க கணக்குக்கு அதிகமா உதவும்.

'இந்த ஜெபத்தை ஒரு தடவை சொன்னா 1000 ஆன்மா விடுதலை, பத்துப் பேருக்கு அனுப்புங்க'ன்னு வாட்ஸ்அப்ல வருதே? (வாசகி, யீஷூன்)

திருச்சபையோட பட்டியல்ல எந்த ஜெபத்துக்கும் 'இத்தனை ஆன்மா'ன்னு எண்ணிக்கையே கிடையாது. ஜெபம் நல்லதா இருந்தா சொல்லுங்க. பத்துப் பேருக்கு அனுப்பாதீங்க.

என் தம்பி குடிச்சே அழியுறான். கோயிலுக்கும் வர்றதில்ல. அவனுக்காக நான் பரிபூரண பலன் எடுத்துக் கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம், ஜூரோங் வெஸ்ட்)

முடியாதும்மா. நமக்காக எடுக்கலாம், இறந்தவங்களுக்காக ஒப்புக்கொடுக்கலாம், உயிரோட இருக்கிற இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியாது. அவன் தானே திரும்பி நடக்கணும்ங்கிறதுதான் காரணம், நீங்க அவனுக்குப் பதிலா மனந்திரும்ப முடியாது. ஆனா அவனுக்காகப் பூசைக்குக் கொடுக்கலாம், உபவாசம் இருக்கலாம், செபமாலை சொல்லலாம், அதுக்கெல்லாம் தடையே இல்ல. அது போக ஒரு விஷயம், ஐஎம்எச்-ல (மனநலக் கழகம்) குடிப்பழக்கத்துக்குன்னே சிகிச்சைப் பிரிவு இருக்கு, போன் பண்ணி விசாரிங்க, அவன் வரலைன்னாலும் குடும்பத்துக்காரங்க எப்படி நடந்துக்கணும்னு கேட்டுக்கலாம். செபமாலையையும் அந்தப் போனையும் ஒண்ணுக்குப் பதில் ஒண்ணுன்னு வைக்காதீங்க, ரெண்டையும் இந்த வாரமே பண்ணுங்க.