கல்பாத்தி வீட்டுக்கு அறக்கொடை கிடைக்குமா?

கேள்வி: பாலக்காடு கல்பாத்தியில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. கூடத்து உத்தரம் உளுத்துவிட்டது. வெளிநாட்டு அறக்கட்டளையில் பத்து லட்சம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ‘ஃபைல் செலவு’ முப்பதாயிரமாம். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். இத்தகையவர்களிடம் பளபளப்பான கோப்பு ஒன்றும், யாரோ ஒரு வெள்ளைக்காரருடன் எடுத்த படம் ஒன்றும் கட்டாயம் இருக்கும். பணம் எந்தக் கணக்கில் வந்து இறங்கும் என்று மட்டும் கேளுங்கள், தடுமாறுவார். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020-இல் திருத்திய பின், வெளிநாட்டு நன்கொடையை டெல்லி ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையில் அதற்கெனத் திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். வாங்கிய அமைப்பு அதை இன்னொருவருக்குக் கைமாற்றவும் கூடாது.

தனியார் வீட்டுக்கென்று கொடை வருவது அரிது. எனவே உங்கள் ‘கிராம சமூகத்தை’, அதாவது தெருக்காரர்களின் சங்கத்தை, முன்னால் நிறுத்துங்கள். தெருவின் திண்ணை, தூண், கூரை வரிசைக்காகக் கேளுங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் பழங்கட்டடப் புதுப்பிப்புக்கும் இடம் உண்டு. ஆனால் வாங்கும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி வரிச்சலுகைப் பதிவும் மூன்றாண்டுச் செயல்பாடும் வேண்டும். ‘புதிதாக டிரஸ்ட் பதிந்து தருகிறேன்’ என்று தரகர் சொன்னால், அது அடுத்த வசூலுக்கான ஏற்பாடு.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் இந்தக் கிராம சமூகத்துக்குப் பணம் அனுப்பலாமா? இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். பையன் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம்; அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கிரீன் கார்டு இருந்தாலும் அப்படித்தான். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு: ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருந்தாலும் அவர் வெளிநாட்டவரே, வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி பெறாத அமைப்பு அவர் பணத்தைத் தொடக்கூடாது. அதே மகன் சொந்த அப்பாவுக்கு அனுப்பினால் தடையில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால் மட்டும் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

கல்பாத்தியைப் பாரம்பரியக் கிராமம் என்று அறிவித்தார்கள். வீட்டு முகப்பை மாற்ற வேண்டுமானால், கேரள அரசின் கலை, பாரம்பரிய ஆணையத்தின் இசைவுக்கு அலைய வேண்டும். ஒழுகும் ஓட்டுக்குப் பணம் எங்கே என்று கேட்டால் அடுத்த மேஜையைக் காட்டுகிறார்கள்.

இப்போதைக்கு உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, உளுத்த இடத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பணம் உறுதியாகும் முன் வேலையைத் தொடங்காதீர்கள். முடிந்த வேலைக்குப் பொதுவாக யாரும் பணம் தருவதில்லை. கொத்தனார் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசவும் விடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிக் காரை பொருக்காக உதிரும், விண்ணப்பமும் அந்தப் படத்தோடு ஓரம் போய்விடும்.