ஊருக்குப் போவது ஒரு கணக்கு, சுற்றுலா வேறு கணக்கு

தம்பி, வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் விடுமுறைக்கு எங்காவது பறக்கிறார்கள், எனக்கு மட்டும் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவர்களில் சிலர் கிரெடிட் கார்டில்தான் பறக்கிறார்கள். அந்தக் கடன் உங்கள் கண்ணில் படாது, படங்கள் மட்டும்தான் படும்.

மிஞ்சினால் போகலாம் என்று இருந்தால் எந்த மாதமும் மிஞ்சாது. சம்பளம் விழுந்த மறுநாளே ஒரு தொகை தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். வருடத்துக்கு 1,200 வேண்டுமென்றால் மாதம் 100. அந்தக் கணக்கின் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அதை ஒரே கணக்காக வைக்காதீர்கள். முதல் சில வருடங்கள் ஊருக்குப் போய் வருவதையே விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கி, போனதைவிடக் களைத்துத் திரும்புவேன். டிக்கெட்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருப்பேன். சாமான், மொய், கையில் கொடுத்தது, வீட்டு ரிப்பேர் எல்லாம் சேர்ந்து டிக்கெட்டைத் தாண்டிவிடும். இப்போது ஊர்ப் பயணத்துக்கு ஒரு கணக்கு, சுற்றுலாவுக்கு ஒன்று. இந்த இரண்டுக்கும் முன்னால், திடீரென்று ஊருக்குக் கிளம்ப ஒரு டிக்கெட் பணம் எப்போதும் தொடாமல் இருக்க வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் என்று நள்ளிரவில் போன் வந்தபோது நண்பனை எழுப்பிக் கடன் கேட்டவன் நான். கடைசி நேர டிக்கெட் என்ன விலை விற்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம். செலவைத் தீர்மானிப்பதில் இடத்தைவிடத் தேதிக்குப் பங்கு அதிகம். பள்ளி விடுமுறையில் ஏறி நிற்கும் அறை வாடகை, பள்ளி திறந்த அடுத்த வாரமே இறங்கிவிடும். பிள்ளைகள் இல்லாத இந்தக் காலத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், பிறகு முடியாது. மலிவு விமானம் என்றால் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா, எந்த விமான நிலையத்தில் இறக்குகிறார்கள் என்று பாருங்கள். ஊருக்கு வெளியே நள்ளிரவில் இறங்கி டாக்சி பிடித்தால் மிச்சம் பிடித்தது போய்விடும். வேறு நாட்டில் கார்டு தேய்க்கும்போது, உங்கள் பணத்தில் கட்டுகிறீர்களா, இங்குள்ள பணத்தில் கட்டுகிறீர்களா என்று மெஷின் கேட்கும். அந்த நாட்டுப் பணத்தையே அமுக்குங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

முதல் வருடம் பக்கத்திலேயே, ரயிலிலோ பஸ்ஸிலோ, இரண்டு ராத்திரி போய் வாருங்கள். போதும். என்னென்ன செலவாகிறது என்று அதிலேயே பிடிபட்டுவிடும். அடுத்த வருடத் தொகையை அப்புறம் முடிவு செய்யலாம்.

இன்னொன்று, நாடு தாண்டுவதாக இருந்தால், உங்களோடு வேலை செய்கிறவருக்கு விசா தேவையில்லை என்பதால் உங்களுக்கும் தேவையில்லை என்று ஆகாது. பெரும்பாலும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்று கேட்கிற நாடுகளும் நிறைய. இப்போது வேலை செய்கிற நாட்டில் வசிக்கும் அனுமதி எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. புதுப்பிக்கக் கொடுத்திருக்கிற நேரத்தில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு டிக்கெட் போடுங்கள்.