ஸ்டீராய்டு மாத்திரையை எப்போது விட முடியும்?

கேள்வி: முடக்குவாதத்துக்காக 2 வருடமாக பிரட்னிசொலோன் சாப்பிடுகிறேன். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இப்போது 5 மி.கி.யில் வைத்திருக்கிறார். முகம் உப்பிவிட்டது. எலும்பு கரையும் என்று நெட்டில் படித்துவிட்டு நானே 4 நாள் நிறுத்தினேன். தலைசுற்றலும் வாந்தியும் வந்ததால் மறுபடி போட்டுக்கொண்டேன். ஆயுளுக்கும் இதற்கு அடிமைதானா? (வாசகி, வயது 46)

பதில்: இது அடிமைத்தனமே இல்லை அம்மா. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அந்த வேலையை மாதக்கணக்கில் மாத்திரை செய்ததால் உங்கள் சுரப்பிகள் ஓய்ந்து கிடக்கின்றன. உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரப்பது ஏறக்குறைய 5 மி.கி. பிரட்னிசொலோனுக்குச் சமம். அதற்குக் கீழே இறங்கும்போது சுரப்பி விழித்தாக வேண்டும். உங்கள் டாக்டர் இங்கே நிதானிப்பது அதனால்தான். இனி மாதத்துக்கு 1 மி.கி. என்றுகூடக் குறைக்கலாம், நடுவில் காலை வேளையில் ரத்தம் எடுத்து கார்ட்டிசால் அளவு பார்ப்பார்கள். சுரப்பி தேற பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேறிவிடும்.

முகம் உப்பியது அளவு குறையக் குறைய வடியும். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். மாத்திரையை நிறுத்த அது காரணமே ஆகாது.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அடிபடுவது, ஆபரேஷன் என்றால் உடம்புக்குக் கார்ட்டிசால் பல மடங்கு தேவை. ஓய்ந்த சுரப்பியால் அதைத் தர முடியாது. அப்போது மாத்திரையைக் கூட்டத்தான் வேண்டும், எவ்வளவு என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே "நான் நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவள்" என்று சொல்லுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் சலைனும் உயிரைக் காக்கும். தாமதம் உயிரை எடுக்கும். அந்த 4 நாளில் நீங்கள் இந்த ஆபத்தின் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறீர்கள். மயங்கிக் கிடந்தாலும் பிறருக்குத் தெரியும்படி, நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பதை ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். மாத்திரை முழுதாக நின்ற பிறகும் ஒரு வருடமாவது அது இருக்கட்டும்.

குறைத்த சில நாள் உடம்பு வலிப்பது சகஜம். மூட்டு வீங்கி, காலையில் விறைத்துக்கொண்டால் நோய் தலைதூக்குகிறது என்று அர்த்தம். அதற்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்; ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். அப்புறம், 4 நாள் நிறுத்தியதை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த 1 மி.கி.யை எப்போது குறைப்பது என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.